பதினாறு வயதில் வாங்கிய ‘சி’

டாலஸின் வடக்குப் புறநகர்களில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் அனைவருக்கும்,

வணக்கம்.

நாலரை வருடத்துக்கு முன்னால் நம் வாட்ஸாப் குழுவில் ஒரு எக்செல் ஷீட் சுற்ற ஆரம்பித்தது. ‘ஹைஸ்கூலிலேயே 60 கிரெடிட்’ என்று தலைப்பு. கிரெடிட் என்றால், டிகிரி வாங்கச் சேர்க்க வேண்டிய பாடப் புள்ளி. முதல் கட்டத்தில் பாடத்தின் பெயர், அடுத்து எத்தனை கிரெடிட், அதற்கடுத்து கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுப் படிப்புக்கான உள்ளூர் அரசுக் கல்லூரி) கட்டணம், கடைசியில் பச்சை நிறத்தில் ‘மிச்சம்’. அடியில் கூட்டுத்தொகை, கொட்டை எழுத்தில். அதைப் போட்டவன் நான்தான். இன்றைக்கும் புதிதாகக் குடிவந்த யாராவது “அண்ணா, அந்த ஷீட் இருந்தா அனுப்புங்க” என்று கேட்கிறார்கள். அரை நிமிடத்தில் யாராவது அனுப்பியும் விடுகிறீர்கள். தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கணக்கில் தப்பில்லை. கூட்டல், பெருக்கல் எல்லாம் சரி. தப்பு நடந்தது என் வீட்டில். அதைச் சொல்லாமல் இந்த ஷீட்டை மட்டும் ஊர் முழுக்க உலவ விட்டிருக்கிறேன் என்பது கொஞ்ச நாளாக உறுத்துகிறது.

புதியவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் படிக்கும்போதே காலேஜ் கிரெடிட் வாங்க இங்கே முக்கியமாக இரண்டு வழி. ஒன்று ஏபி, அதாவது அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட். வருடம் முழுக்கப் பள்ளியில் பாடம், மே மாதத்தில் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் பரீட்சை, கட்டணம் நூறு டாலர் அளவில், மதிப்பெண் 1 முதல் 5 வரை. டெக்சஸில் 2015-ல் வந்த சட்டப்படி, 3 வாங்கினாலே அரசுக் கல்லூரிகள் கிரெடிட் தர வேண்டும். அதற்கு மேல் வேண்டும் என்றால் ஏன் என்று அவர்கள் ஆதாரம் காட்ட வேண்டும். இன்னொன்று டூயல் கிரெடிட். இதில் பிள்ளை பள்ளியில் இருந்துகொண்டே ஒரு கம்யூனிட்டி காலேஜில் மாணவராகச் சேர்ந்துவிடுகிறது. ஒரே பாடம் இரண்டு இடத்திலும் கணக்கில் ஏறும். வகுப்பு பள்ளி அறையிலேயே நடக்கலாம், பள்ளி ஆசிரியரே நடத்தலாம். ஆனால் அவர் முதுகலை முடித்து, அந்தப் பாடத்தில் குறைந்தது 18 கிரெடிட் முதுகலை மட்டத்தில் படித்தவராக இருக்க வேண்டும். ஒரு பரீட்சையோடு முடிகிற கதை இல்லை இது. செமஸ்டர் முழுக்க எடுத்த கிரேடுதான் முடிவு. எத்தனை பாடம் எடுக்கலாம் என்ற உச்சவரம்பையும் அதே 2015-ல் வந்த இன்னொரு சட்டம் எடுத்துவிட்டது. நம் ஆட்டம் அங்கேதான் சூடு பிடித்தது.

இந்த இரண்டும் பிறந்த கதை வேடிக்கையானது. ஏபி என்பது 1950-களில் சில பணக்காரத் தனியார் பள்ளிகளும் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்ற இடங்களும் கூடிப் பேசியதில் உருவானது. கெட்டிக்காரப் பிள்ளைகள் படித்ததையே காலேஜில் மறுபடி படிக்க வேண்டாமே என்ற கவலை அவர்களுக்கு. பள்ளியையும் கம்யூனிட்டி காலேஜையும் ஒட்டவைக்கும் யோசனைக்கு ஆரம்ப உதாரணம் 1974-ல் நியூயார்க்கின் லகார்டியா கம்யூனிட்டி காலேஜ் வளாகத்தில் தொடங்கிய பள்ளி. அது பாதியில் படிப்பை விட்டுவிடக்கூடிய பிள்ளைகளுக்காக வந்தது. அப்புறம் 1985-ல் மினசோட்டா மாநிலம் சட்டமே போட்டு, பள்ளிப் பிள்ளைகள் மாநிலச் செலவில் காலேஜ் பாடம் எடுக்க வழிசெய்தது. படிப்பை விடப் போகிறவனைப் பிடித்து நிறுத்தக் கட்டிய ஏணியில், ஏற்கெனவே மாடியில் நிற்கும் நம் பிள்ளைகளை ஏற்றி ஓட்டப்பந்தயம் நடத்திக்கொண்டிருக்கிறோம் நாம்.

நம்மைக் குறை சொல்லியும் பயனில்லை. நாம் வளர்ந்த விதம் அப்படி. கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது, அதோடு நுழைவுத் தேர்வு நூறு, ஆகமொத்தம் 300-க்கு கட்-ஆஃப். கால் மார்க்கில் கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் கைநழுவிப் போய், ஊர் பேர் தெரியாத காலேஜ் கிடைத்தவர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்கள். அந்த ஒரே எண்ணை வைத்து வாழ்க்கை தீர்மானமான நமக்கு, இங்கே வந்ததும் கை நடுங்குகிறது. எண் எங்கே, எண் எங்கே என்று தேடுகிறோம். கிரெடிட் எண்ணிக்கை கண்ணில் பட்டது. பிடித்துக்கொண்டோம். பிறந்தநாள் விருந்தில் கேக் வெட்டும் முன்னாலேயே “உங்க பொண்ணு எத்தனை எடுக்குறா?” என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

சரி, என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மூத்தவள் பத்தாம் வகுப்பு முடித்த கோடை. சும்மா இருக்கிறாளே என்று எனக்கு ஒரு பதற்றம். ஷீட்டில் ‘கெமிஸ்ட்ரி 1411, நான்கு கிரெடிட்’ என்ற வரி இருந்தது. ஒரு கம்யூனிட்டி காலேஜின் கோடை வகுப்பில் சேர்த்துவிட்டேன். பதினாறு வாரத்தில் நடத்த வேண்டியதை ஐந்து வாரத்தில் நடத்துவார்கள் என்பது தெரியும். “உனக்கென்னம்மா, நீ பிடிச்சுடுவே” என்றேன். திங்கள் முதல் வியாழன் வரை காலையில் வகுப்பு, மதியம் லேப், இரவில் லேப் ரிப்போர்ட். இரண்டாவது வாரத்தில் நடந்த முதல் தேர்வில் 61. அவள் அம்மா “விட்டுடலாமே” என்றாள். டிராப் செய்ய, அதாவது கிரேடு விழாமல் வகுப்பிலிருந்து விலக, கடைசித் தேதி அடுத்த வாரம். நான்தான் “அடுத்த டெஸ்ட் பார்த்துக்கலாம், அதுக்குள்ள என்ன அவசரம்” என்று சொன்னேன். அடுத்த தேர்வின் மார்க் வந்தபோது தேதி தாண்டியிருந்தது.

அப்போது நான் செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் செய்வீர்கள். பேராசிரியருக்கு நானே ஒரு மின்னஞ்சல் எழுதினேன், பிள்ளைக்குக் கொஞ்சம் கருணை காட்டுங்கள் என்கிற தோரணையில். இரண்டு வரியில் பதில் வந்தது: இந்த மாணவரைப் பற்றி உங்களிடம் பேச இயலாது, அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. பதினாறு வயசுப் பிள்ளையின் அப்பனிடம் பேச மாட்டாயா என்று. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1974-ஆம் ஆண்டின் மாணவர் தகவல் சட்டப்படி, ஒரு பிள்ளை காலேஜ் மாணவராகச் சேர்ந்த நிமிடமே, வயது என்னவானாலும், அந்தக் காலேஜ் பதிவேடுகளின் மீதான உரிமை பிள்ளைக்குப் போய்விடுகிறது. வரிக்கணக்கில் நம்மைச் சார்ந்தவர் என்றால் கல்லூரி நமக்குச் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும் என்றில்லை. பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரைப் பார்த்து வாதாடிப் பழகியவர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆசிரியர் செய்தது சரி. என் மகளுக்குத்தான் பேராசிரியருக்கு எப்படி எழுதுவது என்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவன், அவள் சார்பில் தானே எழுதிக்கொண்டிருந்தான்.

கடைசியில் ‘சி’. என் ஷீட்டில் அதுவும் வெற்றிதான். ‘சி’ வாங்கினாலும் கிரெடிட் உண்டு. நான்கு என்று போட்டு, பச்சை நிறம் அடித்து, கூட்டுத்தொகையில் சேர்த்தேன்.

இப்போது அவள் மூன்றாம் ஆண்டு. வருகிற மே மாதம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். நாடு முழுவதற்குமான ஆம்காஸ் விண்ணப்பமாகட்டும், டெக்சஸின் டிஎம்டிசாஸ் விண்ணப்பமாகட்டும், காலேஜில் எடுத்த ஒவ்வொரு பாடத்தையும் காட்டச் சொல்கின்றன. பள்ளியில் இருந்தபோது எடுத்தவையும் அதில் சேர்த்தி. அதே பாடத்தை மறுபடி எடுத்து ‘ஏ’ வாங்கினாலும் பழையது அழியாது, இரண்டும் தெரியும். ஒரு ‘சி’யால் யாருடைய டாக்டர் கனவும் பொசுங்கிவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் போன மாதம் அந்தக் கம்யூனிட்டி காலேஜிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) வரவழைத்தோம். அதில் ஒரே ஒரு வரி. வேறு எதுவும் இல்லாத வெள்ளைத் தாளில் கெமிஸ்ட்ரி, நான்கு கிரெடிட், ‘சி’. அவள் சிரித்துக்கொண்டே “அப்பா, இது உங்க கிரேடு” என்றாள். நான் சிரிக்கவில்லை.

ஆக, டூயல் கிரெடிட்டின் கிரேடு பிள்ளையின் காலேஜ் வாழ்க்கையின் முதல் பக்கம். ஏபியில் இந்த வில்லங்கம் குறைவு. பரீட்சையில் 2 வந்தால் கிரெடிட் இல்லை, அவ்வளவுதான். காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில் ஒரு எழுத்தாக அது உட்காராது. நடுவழியாக இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஆன்ராம்ப்ஸ். அதில் பள்ளிக் கிரேடு தனி, காலேஜ் கிரேடு தனி. காலேஜ் கிரேடைப் பார்த்த பிறகு கிரெடிட்டை ஏற்பதா வேண்டாமா என்று பிள்ளையே முடிவு செய்யலாம். இதை நம் குழுவில் ஏன் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்குப் புரியவில்லை. எண்ணிக்கை கூடாது என்பதாலோ என்னவோ.

ஷீட்டின் அடுத்த ஓட்டை இதைவிடப் பெரியது. ஒரு கிரெடிட்டைக் கல்லூரி ஏற்றுக்கொள்வது வேறு, அது டிகிரிக்கு உதவுவது வேறு. டெக்சஸ் அரசுக் கல்லூரிகளில் எல்லா டிகிரிக்கும் பொதுவாக 42 கிரெடிட் அடிப்படைப் பாடங்கள் உண்டு. அதற்குள் அமெரிக்க வரலாறு ஆறு, அரசியலமைப்பும் அரசாங்கமும் ஆறு என்று சட்டமே சொல்கிறது. ஆகவே ஹிஸ்டரி 1301, கவர்ன்மென்ட் 2305, இங்கிலீஷ் 1301 போன்றவை மாநில அரசுக் கல்லூரி எதில் சேர்ந்தாலும் வீணாகாது. அதைத் தாண்டினால் பாதை கரடுமுரடு. நம் குழுவில் ஒருவரின் மகன் அறுபது கிரெடிட்டுக்கு மேல் எடுத்து, பள்ளி முடிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டாண்டு அசோசியேட் டிகிரியும் வாங்கினான். மேடையில் இரண்டு அங்கி, நாம் எல்லோரும் போய்க் கைதட்டினோம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தான். ஏழு செமஸ்டர் ஆனது. மிச்சமானது ஒரே ஒரு செமஸ்டர். காரணம் எளிது: கால்குலஸ் முடித்தால்தான் இயற்பியல், இயற்பியல் முடித்தால்தான் ஸ்டாட்டிக்ஸ், அது முடித்தால்தான் அடுத்தது. ரயில் பெட்டி மாதிரி ஒன்றோடொன்று கோத்திருக்கும். சைக்காலஜியும் சோஷியாலஜியும் ஸ்பீச்சும் எடுத்து எலெக்டிவ் இடத்தை எத்தனை நிரப்பினாலும் எஞ்சின் வேகம் கூடாது. வரலாறோ வணிகமோ படிக்கிற பிள்ளை என்றால் அதே அறுபது கிரெடிட்டில் ஒன்றரை வருடம்கூட மிச்சமாகலாம்.

தனியார் கல்லூரி ஆசை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டார்ட்மத் ஏபி மதிப்பெண்ணுக்கு டிகிரி கிரெடிட் தருவதை நிறுத்திப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. கால்டெக்கும் தருவதில்லை. அங்கெல்லாம் கடினமான பாடம் எடுத்தான் என்பதற்கு மதிப்பு உண்டு, எடுத்த கிரெடிட்டுக்கு இல்லை. அந்தப் பிள்ளைகளின் ‘மிச்சம்’ கட்டத்தில் பூஜ்யம்தான் போட வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் டூயல் கிரெடிட்டே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம்மில் சிலருக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. அவர்களைப் பற்றி என் ஷீட் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் எனக்கு வெட்கம். எச்-4 விசாவில், அதாவது அப்பா அம்மாவின் வேலை விசாவைச் சார்ந்து, இருக்கும் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெடரல் உதவித்தொகை கிடையாது. சம்பளத்துக்கு இன்டர்ன்ஷிப் போக முடியாது. 21 வயது ஆன அன்றோடு அப்பா அம்மாவின் விசாவில் சார்ந்து இருக்கும் தகுதி போய்விடும். கிரீன் கார்டு வரிசை நகர்கிற வேகம் உங்களுக்கே தெரியும். மூன்றாம் ஆண்டு நடுவில் 21 வந்து, எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறுவதா, எவ்வளவு கட்டணம் கேட்பார்கள் என்று தூக்கமில்லாமல் கிடந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளைக்கு, சரியான இடத்தில் போய் உட்காரும் முப்பது கிரெடிட் என்பது ஒரு வருடம் முன்னாலேயே படிப்பை முடித்துவிடும் வாய்ப்பு. அங்கே நானே வற்புறுத்துவேன், எடு என்று.

அதேபோலப் பள்ளியில் இலவச மதிய உணவுக்கோ, குறைந்த விலை உணவுக்கோ தகுதி பெற்ற பிள்ளைகளுக்கு, 2023-ல் வந்த சட்டத்தால், ஃபாஸ்ட் என்ற திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில் டூயல் கிரெடிட்டுக்குக் கட்டணமே கிடையாது. அந்தப் பாடத்தில் சேர்வதற்கு முந்தைய நான்கு பள்ளி வருடங்களில் எப்போதாவது தகுதி இருந்திருந்தாலே போதும். லே-ஆஃப் ஆகி ஒரு வருடம் தடுமாறிய குடும்பங்கள் நம் குழுவிலேயே உண்டு. கௌரவம் பார்த்துக் கேட்காமல் இருக்காதீர்கள். கவுன்சிலரிடம் ஒரு கேள்விதான்.

ரேங்க் சண்டையைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. பள்ளி ரேங்கில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தால் மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி என்று 1997-ல் வந்த சட்டம், ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் அது ஐந்து சதவீதமாகச் சுருங்கியது, ரேங்க் கணக்கில் ஏபிக்கு எவ்வளவு வெயிட், டூயல் கிரெடிட்டுக்கு எவ்வளவு வெயிட் என்று மாவட்டத்துக்கு மாவட்டம் மாறுவது, எல்லாம் நிஜம். ஆனால் ரேங்குக்காக எடுக்கும் பாடமும் டிகிரிக்காக எடுக்கும் பாடமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி ஏமாறாதீர்கள். பிள்ளையிடம் எதற்காக இது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இடையில் ஒரு புலம்பல். பத்து வருடம் ஞாயிறு ஞாயிறாக வந்து, குறள் ஒப்பித்து, வல்லினம் மிகும் இடம் மிகாத இடம் எல்லாம் படிக்கிற பிள்ளைக்கு ஏபியில் தமிழ் என்று ஒரு பாடமே கிடையாது. சீனம், ஜப்பானியம், இத்தாலியன், லத்தீன்கூட இருக்கிறது. நம் பிள்ளை கிரெடிட்டுக்காக ஸ்பானிஷ் படிக்கப் போகிறது. ஷீட்டைச் சுற்றவிட்ட ஆர்வத்தில் நான்கில் ஒரு பங்கை இதற்குச் செலவழித்திருந்தால், காலேஜ் போர்டுக்கு ஒரு மனுவாவது போயிருக்கும். இது தனிச் சண்டை. இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

இந்த மாதக் கடைசியில் அடுத்த வருடத்துக்கான பாடத் தேர்வுப் படிவம் பள்ளிகளிலிருந்து வரும். அதற்கு முன் நான் கேட்பது கொஞ்சம்தான். பழைய ஷீட்டை அழித்துவிடுங்கள். பிள்ளை போக விரும்பும் இரண்டு மூன்று கல்லூரிகளின் டிகிரி பிளானை அவர்கள் இணையதளத்திலிருந்து எடுத்து, அச்சடித்து, சாப்பாட்டு மேசையில் வையுங்கள். எடுக்கப்போகும் ஒவ்வொரு பாடமும் அதில் எந்த வரியில் போய் உட்காரும் என்று பிள்ளையையே பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். வரி கிடைக்காத பாடத்தைப் பிடித்திருந்தால் மட்டும் எடுக்கட்டும். சயன்ஸ் லேப் பாடங்களைக் கோடை ஐந்து வாரத்தில் திணிக்காதீர்கள். டிராப் செய்யக் கடைசித் தேதியை முதல் நாளே ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்னால், வேண்டாம் என்று பிள்ளை சொன்னால், வாக்குவாதம் செய்யாமல் சரி என்று சொல்லிவிடுங்கள். எனக்கு அந்த ‘சரி’ அன்றைக்கு வாயில் வரவில்லை.

புது ஷீட் ஒன்று செய்திருக்கிறேன். அதில் ‘மிச்சம்’ கட்டம் இல்லை, அடியில் கூட்டுத்தொகையும் இல்லை. ‘எந்த டிகிரியில் எந்த வரி’, ‘டிராப் தேதி’, ‘யார் கேட்டது: பிள்ளையா, பெற்றோரா’ என்று மூன்று கட்டங்கள் இருக்கின்றன. மூன்றாவதை நிரப்பும்போது பொய் சொல்லாதீர்கள்.

அடுத்த ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் அதே அறையில் உட்கார்ந்து பார்ப்போம். ஒன்பதாவதுக்கு மேலே படிக்கும் பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும். என் மகளும் விடுமுறை முடிந்து கிளம்பும் முன் வந்து பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள், அந்த வெள்ளைத் தாளையும் கொண்டுவருவாளாம். முன் வரிசை பிள்ளைகளுக்கு. அப்பாக்களுக்குப் பின்னால் நாற்காலி போட்டிருக்கும். டீயும் சுண்டலும் என் பொறுப்பு.

அன்புடன்,
அந்த ஷீட்டைப் போட்டவன்